வரிசை நகராது என்று நம்பிய நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் வம்பு. இரண்டு வீடு தள்ளி அதே பெயரில் ஒரு பெரிய மனிதர் குடியிருக்கிறார். நாயைக் கூப்பிட்டால் அவர் ஜன்னலைத் திறந்து, "யாருப்பா?" என்கிறார். அவரை யாராவது கூப்பிட்டால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிற்கிறது. ஆகவே கொஞ்ச காலமாக அதை வெறும் "டேய்" என்றுதான் கூப்பிடுகிறோம். அதிலும் ஒரு சிக்கல். என் அக்கா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவள் தெருமுனையிலிருந்து ஒரு "டேய்" போட்டால் நானும் நாயும் சேர்ந்து காதைத் தூக்குகிறோம். யார் முதலில் ஓடிப்போய் நிற்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு மீன் தலை.

பூனைக்குப் பெயரே இல்லை. அது என் மனைவியின் கட்சி. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் விசாரிப்பது பூனையைத்தான். பிறகு நாயை. மூன்றாவதாக, "கேஸ் ஆஃப் பண்ணியா?" என்பாள். அதுதான் எனக்கான நலம் விசாரிப்பு.

திருவொற்றியூரில் கடலோரச் சாலையைப் பார்த்த வீடு எங்களுடையது. வாடகை வீடுதான். முன்பக்கம் மளிகைக் கடை, பக்கவாட்டில் நாங்கள், மாடியில் வீட்டுக்காரம்மா. வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும். ஆனால் கன்டெய்னர்தான் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர் லாரிகள் எங்கள் வாசலைத் தாண்டி, காசிமேடு வரைக்கும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். நிற்கும் என்றால் சும்மா நிற்பதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது எதிரே பார்த்த நீலப் பெட்டியை, ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதும் பார்க்கலாம். டிரைவர்கள் வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், குளிப்பார்கள், ஊருக்குப் போன் போட்டுச் சண்டை போடுவார்கள். சில பேர் எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு மொய்கூட வைத்திருக்கிறார்கள்.

வரிசை நகராது என்பது எங்கள் பக்கத்தில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல ஒரு விஷயம். அதை நம்பித்தான் பக்கத்து வீட்டம்மா தன் ஜன்னல் கம்பிக்கும் ஒரு ட்ரெய்லருக்கும் நடுவே கயிறு கட்டி ஈரப் புடவையைக் காயப்போட்டார். அன்றைக்கென்று வரிசை நகர்ந்தது. புடவை ஒரு கட்சிக் கொடிபோலப் பறந்துகொண்டே துறைமுகத்தைப் பார்க்கப் போனது. மறுநாள் அவர் மறுபடியும் கயிறு கட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "தெனிக்குமா நவுரும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நானும் என் பனியனை அதே கயிற்றில் போட்டுவிட்டு வந்தேன்.

என் பிழைப்பும் இந்தப் பெட்டிகளோடுதான். ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே துருப்பிடித்திருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குண்டூசி நுழையும் ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று யார்டில் எனக்குப் பேர். வீட்டில் வேறு பேர். எங்கள் தெருவில் பல மாதங்களாக ஒற்றைச் செருப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எடுப்பது என் நாய் என்று ஊருக்கே தெரியும். எடுத்ததை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எப்போதும் ஒரு கால் செருப்பைத்தான் எடுக்கும். ஜோடியாக எடுத்தால் திருட்டு, ஒன்றை எடுத்தால் விளையாட்டு என்று அதற்கு ஒரு சட்டம் இருந்திருக்கலாம். பால் போட வந்தவர் ஒரு காலோடு போனார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு காலோடு போனார். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று விசாரிக்க வந்த ஒருவர், விசாரிக்காமலேயே ஒரு காலோடு போனார். கட்டிலடியில் தேடினேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாக்கடை மூடியைத் தூக்கிக்கூடத் தேடினேன். நான் தேடும்போதெல்லாம் நாயும் கூடவே வந்து மிகவும் அக்கறையாக முகர்ந்து பார்த்தது.

இதெல்லாம் பிறத்தியார் செருப்பாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒரு நாள் வீட்டுக்காரம்மாவின் செருப்பில் வாய் வைத்துவிட்டது.

வீட்டுக்காரம்மாதான் முன்பக்க மளிகைக் கடையையும் நடத்துகிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடை ஆரம்பித்த அண்ணாச்சி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அது இன்னும் அண்ணாச்சிக் கடைதான். இவர் தெருவுக்கே அண்ணாச்சிம்மா. புதுப்பெண்ணாக இங்கே வந்தவர். நான் அரை டிராயரோடு வந்து கடலை மிட்டாய் வாங்கிய காலத்திலிருந்து அதே கல்லாவில் நிற்கிறார். நின்று நின்று குதிகாலில் வலி. அதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு, கறுப்பாக, தடியாக, பார்க்க ரப்பர் கட்டை மாதிரி இருக்கும். அது இல்லாமல் அவரால் கடையில் அரை மணி நேரம் நிற்க முடியாது. அதை வாயில் கவ்விக்கொண்டு போகும்போது நாயைக் கையும் களவுமாகப் பிடித்து, என்னையும் சேர்த்து வாசலில் நிறுத்தினார்.

"ஏம்ப்பா, ஒன் நாய்க்கு என் கால்மேல அப்படி என்ன கண்ணு?"

"தெரியாம எடுத்துச்சி அண்ணாச்சிம்மா."

"தெரியாம எடுக்க அதுக்கு என்ன, கண்ணுல சாளேசுரமா? இங்க பாரு. இன்னொரு மட்டம் என் செருப்பு காணாமப் போச்சுன்னு வையி, இந்த மூதி மீஞ்சூருக்குப் போவணும். இல்லன்னா நீ வேற வீடு பாத்துக்கோ."

மீஞ்சூர் என்றதும் நான் நாயை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அங்கே என் சித்தப்பா இருக்கிறார். தோட்டமும் காவலுக்கு நாய்களும் வைத்திருக்கிறார். அவருடைய நாய்கள் குரைக்காது. அவர் குரைப்பதைக் கேட்டு அடங்கி உட்கார்ந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் யார் என்ன தப்புச் செய்தாலும் தண்டனை மீஞ்சூர்தான். என் டேய் அங்கே போனால் வால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும். வேறு வீடு பார்ப்பது என்றாலோ, பூனை, நாய், நான் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்து யார் வீடு தருவார்கள்? என் மனைவியே யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அண்ணாச்சிம்மா அந்தச் செருப்பைக் கடை வாசலில் இருக்கும் கூல்டிரிங்ஸ் பெட்டியின் உச்சியில் வைக்க ஆரம்பித்தார். நாய்க்கு எட்டாது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். பூனை என்று ஒன்று வீட்டில் இருப்பதை இரண்டு பேருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சிம்மா நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்துதான் கடை திறப்பார். மனைவி டியூட்டியில். நான் லுங்கியோடு வாசலுக்கு வந்து சோம்பல் முறித்தேன். எதிரே என்னவோ குறைந்தமாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், கடல். நீலமாக, அகலமாக, அது பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. ஆகா, எவ்வளவு அழகு என்று ஒரு நிமிடம் ரசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கடல் தெரிகிறது என்றால், வரிசை நகர்ந்துவிட்டது.

சரி, நகரட்டும், நமக்கென்ன என்று திரும்பினேன். கூல்டிரிங்ஸ் பெட்டி உச்சியில் பூனை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு. ஒன்றுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தன் வலது காலை நீட்டி, மிச்சமிருந்த அந்தச் செருப்பையும் மெதுவாக விளிம்புக்குத் தள்ளியது. தள்ளிவிட்டு, கீழே இருக்கும் கூட்டாளி ஏன் வந்து கவ்வவில்லை என்று எட்டிப் பார்த்தது. நானும் பார்த்தேன். கூட்டாளியைக் காணோம்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையிலிருந்து அக்காவின் குரல்.

"டேய்!"

காதைத் தூக்கியவன் நான் ஒருவன்தான்.

அக்கா கையில் மீன் பையோடு வேகவேகமாக வந்தாள். "இன்னாடா இங்க நின்னு கடலப் பார்த்துகினு கீற? உன் நாயி காசிமேட்டுப் பக்கம் ஓடிகினு கீது!"

"ஏன்?"

"அத்தப் போய்க் கேளு. ஒரு ட்ரெய்லரு, பின்னாடி கறுப்பா ஒரு செருப்பத் தொங்க உட்டுகினு போவுது. இது அத்தப் பார்த்துக் கொலைச்சிகினே பின்னாடி ஓடுது. ரோடே சிரிக்குது."

பல மாதமாக என் மூளைக்கு எட்டாத ரகசியம் அந்த ஒரு நொடியில் எட்டியது. ட்ரெய்லர் வண்டிகளின் அடிவயிற்றில் ஸ்டெப்னி டயர் வைக்க ஒரு கம்பித் தட்டு இருக்கும். நாய்க்கு எட்டுகிற உயரம். நிழல், குளிர்ச்சி, யாரும் பார்க்க மாட்டார்கள். என் நாய் எடுத்த செருப்பையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருக்கிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாய்தானே. வரிசை நகராது என்று அதுவும் நம்பியிருக்கிறது. நகர்ந்தபோதெல்லாம் எங்கள் தெருவின் ஒற்றைச் செருப்புகள் துறைமுகம் பார்த்து, அங்கிருந்து ஓசூர், சேலம், பெங்களூர் என்று ஊர் சுற்றக் கிளம்பியிருக்கின்றன.

"அக்கா, அது அண்ணாச்சிம்மா செருப்பு. பூசை முடியறதுக்குள்ள கொண்டாரணும். இல்லன்னா டேய் மீஞ்சூருக்குப் போயிடுவான்."

"எந்த டேய்?"

"நாயி!"

"அதானே பார்த்தேன். நல்லது எதுவும் நடக்காதே," என்று சொல்லிக்கொண்டே மீன் பையைப் பூனைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள். (அப்படி ஒரு இடம் கிடையாது என்பது திரும்பி வந்தபோது தெரிந்தது.) என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "ஜல்தி போடா. இந்த ரோட்டுல வண்டி பின்னாடி ஓடறதுன்னா இன்னான்னு எனக்குத்தான் தெரியும்."

அவளுக்குத் தெரியும்தான். அதற்குக் காரணமும் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு சேவல் இருந்தது. சைக்கிளில் கூடை கட்டி விற்க வந்தவரிடம் நைனா வாங்கிக் கொடுத்த கலர் கோழிக்குஞ்சு அது. வாங்கும்போது ரோஸ் கலர். அந்தக் குஞ்சுகள் ஒரு வாரம் தாங்காது என்பார்கள். இது தாங்கியது. ரோஸ் கலர் உதிர்ந்து, கொண்டை முளைத்து, தெருவில் எல்லோருடைய கெண்டைக்காலையும் கொத்தும் ரவுடியாக வளர்ந்தது. நைனா குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தால் துண்டைக் கொத்தும். கணக்கு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்த அன்று அவர் காலைக் கொத்தியது. அன்றிலிருந்து அது என் உயிர் நண்பன்.

ஒரு சாயங்காலம் நாங்கள் ஐஸ் பாய் விளையாடினோம். ஒளிந்து பிடிக்கிற ஆட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அக்காதான் கண்ணை மூடி எண்ணினாள். நான் சேவலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வரிசையில் நின்றிருந்த ஒரு காலி ட்ரெய்லர் மேல் ஏறி, மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய்க்குள் நுழைந்துகொண்டேன். உலகத்திலேயே பத்திரமான இடம். ஏனென்றால் வரிசை நகராது.

நகர்ந்தது. முதலில் ஒரு குலுக்கல். ஏதோ டிரைவர் ஏறுகிறார் போல என்று நினைத்தேன். பிறகு தார்ப்பாய் இடுக்கு வழியே பார்த்தால் எங்கள் வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. வீடு எங்கே போகிறது என்று ஒரு கணம் கவலைப்பட்டேன். அப்புறம்தான் போவது நான் என்று புரிந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால் ஐஸ் பாயில் அவுட் ஆகிவிடுவேன். என் அறிவு அப்போதே அவ்வளவுதான்.

அக்கா என் சட்டை நுனியைப் பார்த்துவிட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "டேய்! எறங்குடா! டேய்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். பாதி வழியில் அவளுடைய ஒரு செருப்பு கழன்று விழுந்தது. எடுக்க நின்றால் வண்டி போய்விடும். ஒற்றைச் செருப்போடு அவள் காசிமேடு வரை ஓடினாள்.

துறைமுக வாசலில் வண்டி நின்றது. தார்ப்பாய்க்குள் நான் மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் சேவலுக்கு இருட்டிலிருந்த ஒரு கீற்று வெளிச்சம் விடிந்துவிட்ட மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். முழுத் தொண்டையில் கூவியது. காவலர் தார்ப்பாயைத் தூக்கினார். நானும் சேவலும் அவரைப் பார்த்தோம்.

"இன்னாடா இது, ஏற்றுமதியா?" என்றார்.

"ஐஸ் பாய்," என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த அக்காதான் விளக்கினாள். விளக்கி முடித்ததும் என் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குள் நைனா சைக்கிளில் வந்துவிட்டார். எங்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய பிறகு தெருவே கூடியிருக்க, தீர்ப்பைச் சொன்னார்.

"நாளிக்கே மீஞ்சூர்ல கொண்டுபோய் உட்டுர்றேன் இவன. எந்தம்பிதான் இவனுக்குக் கரெக்ட்டு. அங்கியே படிக்கட்டும்."

அம்மா அழுதாள். நான் அழுதேன். சேவல் நைனாவின் துண்டைக் கொத்தியது. அப்போது அண்ணாச்சிக் கடையிலிருந்து, கல்யாணமாகி வந்து சில மாதமே ஆகியிருந்த புதுப்பெண் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். அதுவரை அவர் தெருவில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

"அண்ணே, சின்னப் புள்ள. வண்டி நவுராதுன்னு நெனச்சு ஏறிட்டான். நாமளும் அப்படித்தான நெனைக்கோம்? கொஞ்ச நாளு கட்டிப் போட்டு வளத்தா சரியாயிருவான். ஊர விட்டு அனுப்பாதிய."

புதுப்பெண் கேட்டு நைனாவால் மறுக்க முடியவில்லை. நான் மீஞ்சூர் போகாமல் தப்பித்தேன். கட்டிப் போட்டார்களா என்றால், இல்லை. சரியானேனா என்றால், அதுவும் இல்லை.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டு ஓட்ட, பின்னாலிருந்து அக்கா என் தோளில் தட்டினாள்.

"அந்தச் செருப்புக்கு இன்னும் நீ பதில் சொல்லலடா."

"இப்ப அதுவா முக்கியம்?"

"ரோஸ் கலரு. பூ வெச்சது. பொங்கலுக்கு எடுத்தது."

காசிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரிசை மறுபடியும் நின்றிருந்தது. ஒரு ட்ரெய்லரின் பின்னால் டேய் உட்கார்ந்திருந்தது. நாக்கு ஒரு முழம் தொங்கியது. அதன் தலைக்கு மேலே, பின்பக்கத்து இரும்புக் கம்பியில், மிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்த கயிற்றுக்குப் பக்கத்தில், அண்ணாச்சிம்மாவின் எம்.சி.ஆர். செருப்பு கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கித் தொங்கவிடப்பட்டிருந்தது. வண்டிக்குத் திருஷ்டி படாமல் இருக்கப் பழைய செருப்புக் கட்டுவது வழக்கம்தானே.

டிரைவர் நாமக்கல்காரர். டீ கிளாசோடு இறங்கி வந்தார்.

"ஏனுங்க, இது உங்க நாயிங்களா? திருவொத்தியூருல இருந்து கூடவே வருதுங்க. பொறை வாங்கிப் போட்டனுங்க, திங்க மாட்டேங்குது. செருப்பையே பாக்குது."

"செருப்பும் நம்ம செருப்புதாண்ணே. கொஞ்சம் அவுத்துக் குடுத்துட்டீங்கன்னா..."

அவர் முகம் மாறியது. "செருப்பு மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"மூணு நாளா நகராத வரிசைங்க. காலைல ஸ்டெப்னியப் பாக்கக் குனிஞ்சனுங்க. இந்தச் செருப்பு தானா வந்து உக்காந்திருக்குது. யாரு கொண்டாந்து வச்சாங்கன்னே தெரியல. சாமி குடுத்ததுன்னு எடுத்துக் கட்டினனுங்க. கம்பிய முறுக்கி முடிக்கல, முன்னாடி வண்டி நகருதுங்க! இதைப் போய் அவுக்கச் சொல்றீங்களே."

நாங்கள் பேசுவதைக் கேட்டு முன்னால் பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரே குரலில், "அவுக்காதீங்க! அவுக்காதீங்க!" என்றார்கள். ஒருவர் பதற்றத்தில் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாச்சிம்மா மட்டும் அதைப் பார்த்திருந்தால் குதிகால் வலியே போயிருக்கும்.

அக்கா முன்னால் வந்தாள். "அண்ணே, இன்னாண்ணே இது. அந்தம்மா கால் நோவுக்காரங்க. பூசையிலருந்து வந்து பார்த்தாங்கன்னா இந்த நாயி வூட்டுல இருக்க முடியாது. வாயில்லாத ஜீவன், எவ்ளோ தூரம் ஓடி வந்துகீது பாருங்க."

டிரைவர் நாயைப் பார்த்தார். நாயும் தன் வாழ்நாள் நடிப்பையெல்லாம் திரட்டி அவரைப் பார்த்தது. அவர் இளகினார்.

"செரிங்க. ஆனா ஒண்ணு. எடம் காலியா இருக்கக் கூடாதுங்க. முதல்ல வேற செருப்பு கட்டோணும். அப்பறந்தான் இதை அவுக்கோணும். அதுவும் புதுசு ஆகாது. நல்லாத் தேஞ்சதா இருக்கோணும்."

எல்லோருடைய பார்வையும் என் காலுக்குப் போனது. நான் வேண்டுமென்றே லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அக்கா குனிந்து என் வலது காலிலிருந்து செருப்பை உருவி டிரைவர் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் யார்டில் பெட்டியைச் சோதிப்பதைவிடக் கவனமாக அவர் அதைச் சோதித்தார். திருப்பினார், அடிப்பக்கத்தைத் தடவினார், குதிகால் பக்கம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அந்தப் பக்கத்துக் கலங்கரை விளக்கம் அதன் வழியே தெரிந்தது.

"அருமையாத் தேஞ்சிருக்குதுங்க," என்றார், உண்மையான பாராட்டோடு. "எத்தனை வருசமுங்க?"

"கல்யாணத்துக்கு வாங்குனது," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் எதுவும் வாங்கல."

என் செருப்பு கம்பியில் ஏறியது. எம்.சி.ஆர். செருப்பு இறங்கியது. அது என் கைக்கு வருவதற்கும் முன்னால் எங்கோ ஒரு ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. வரிசை நகர்ந்தது! டிரைவர்கள் விசிலடித்துக்கொண்டு அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். நாமக்கல்காரர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் இத்தனை வருட வாழ்க்கையில் என்னிடமிருந்த ஏதோ ஒன்றை மதித்து ஒருவர் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

"இத்தினி வருசமா உன் கால்ல இருந்த சனி, இப்பத்தான் வண்டியேறிப் போவுது," என்றாள் அக்கா.

நாயை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். பூசை முடிந்திருந்தது. கடை பாதி திறந்திருந்தது. அண்ணாச்சிம்மா ஒரு காலில் எம்.சி.ஆர். செருப்பும் இன்னொரு காலில் ஒன்றுமில்லாமலும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அதே கோலத்தில் அவர் முன்னால் நின்றேன். யாராவது பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

செருப்பை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். குதிகால் பக்கம் கம்பி நுழைந்த ஓட்டை.

"இது என்ன ஓட்டை?"

"காத்து வர்றதுக்கு..."

"டேய்," என்றாள் அக்கா. நானும் நாயும் வாயை மூடிக்கொண்டோம். அவளே எல்லாவற்றையும் சொன்னாள்: பூனை தள்ளியது, நாய் ஸ்டெப்னித் தட்டில் வைத்தது, நாமக்கல்காரர் கட்டியது, வரிசை நகர்ந்தது, டிரைவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அண்ணாச்சிம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது சொன்னதுதான். நாயி மீஞ்சூருக்குப் போவட்டும்."

டேய்க்கு எப்படித் தெரிந்ததோ, என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சிரிப்பு மூட்டித்தான் எனக்குப் பழக்கம். அழுகை வருகிற நேரத்தில் என்ன பேசுவது என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

அக்கா நிதானமாகப் புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணாச்சிம்மா, இவன் சேவலத் தூக்கிகினு ட்ரெய்லர்ல போனானே, ஞாபகம் கீதா?"

"அத மறப்பேனா?"

"எங்க நைனா இவன மீஞ்சூருக்கு அனுப்பறேன்னு நின்னாரு. அப்ப நீங்கதான் வந்து பேசுனீங்க. 'வண்டி நவுராதுன்னு நெனச்சு ஏறிட்டான், நாமளும் அப்படித்தான நெனைக்கோம்'னு. இதுவும் அப்படித்தான் நெனச்சிகீது. அவ்ளோதான்."

அண்ணாச்சிம்மா அவளைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு வரிசை வந்து நின்று கடலை மறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா கயிற்றோடு வெளியே வந்தார். அண்ணாச்சிம்மா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்து, கடைக்குள் இரண்டு எட்டு நடந்து பார்த்தார்.

"அன்னைக்கே இவன மீஞ்சூருக்கு அனுப்பியிருக்கணும்," என்றார். "நான்தான் கெடுத்தேன். அனுப்பியிருந்தா இந்த மூதியும் வந்திருக்காது, அந்தப் பூனச் சனியனும் வந்திருக்காது."

"அப்ப, டேய் இங்கியே..."

"இருக்கட்டும். கட்டிப் போட்டு வளத்துக்கோ. இன்னும் ஒரே ஒரு ஆளு இந்த நாயப் பத்திக் கொறை சொல்லிக்கிட்டு என் கடை வாசல்ல வந்து நின்னான்னு வையி, மீஞ்சூருதான். நாய மட்டுமில்ல, ஒன்னையும் சேத்து."

சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்து ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு பொறையை எடுத்து நாய்முன் போட்டார். டிரைவர் கொடுத்தபோது திரும்பிக்கூடப் பார்க்காத நாய், இதை ஒரே வாயில் முடித்தது.

கட்டிப் போட்டேன். ஒரு மாதம் தெருவில் எல்லோரும் இரண்டு காலிலும் செருப்போடு நடந்தார்கள். எனக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

போன வாரம் காலையில் கதவைத் திறந்தேன். சங்கிலி மட்டும் கிடந்தது. வாசற்படியில் டேய் உட்கார்ந்திருந்தது, வாலைத் தரையில் அடித்துக்கொண்டு. அதன் முன்னால் ஒரு செருப்பு. அசந்துபோய்க் குனிந்து பார்த்தேன். என் செருப்பு. கல்யாணத்துக்கு வாங்கினது. பாதியில் கடித்து அறுத்த வாரும், அதில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியும். எதிரே வரிசையில் அந்த நாமக்கல் ட்ரெய்லர் நின்றிருந்தது. பின்பக்கம் எலுமிச்சம்பழம் மட்டும் தனியாகத் தொங்கியது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்காகக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. மறு கணம் அண்ணாச்சிம்மா மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. டிரைவர் விழித்துப் பார்த்து, காலி இடத்தைக் கண்டு, கடை வாசலில் வந்து நின்றால் கதை முடிந்தது. செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுந்த வாரைக் கம்பியில் கோத்து முறுக்க ஆரம்பித்தேன்.

"ஏய், அங்க என்ன செய்யுத?" கடை வாசலிலிருந்து அண்ணாச்சிம்மா.

"சும்மா, திருஷ்டி!"

கடைசி முறுக்கு. விரலை எடுக்க வேண்டும். லுங்கி நுனியும் செருப்போடு சேர்ந்து கம்பிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வரிசைதான் நகராதே.

முன்னால் எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் ஒரு கையால் லுங்கியையும் இன்னொரு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு ட்ரெய்லருக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தேன். என் பக்கத்தில் டேய், ரொம்ப நாளைக்குப் பிறகு சரியான ஆட்டம் கிடைத்த குஷியில் குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. தெருமுனையில் மீன் பையோடு நின்ற அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டாள்.

"டேய்! மறுபடியுமாடா!"

இந்தத் தடவை யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்க நேரமில்லை.